பலகையில் இரண்டாவது குழி

1944 ஆகஸ்ட் 3, வியாழன்

என் நாற்காலியில் வேறொருவனை உட்காரவைத்து வாசிக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் செய்கிறார்கள். செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மனைவியின் தம்பி ஹென்றி, பிடில். இன்னொருத்தி லஸ்ஸில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஃப்ளோரன்ஸ். நான் செல்லோ, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய பிடில். பதினோரு வருஷமாக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் 'சாந்தோம் ட்ரையோ'. இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் "அது உங்கள் மனப்பிராந்தி" என்று சொல்லக் கூடாது.

அத்தாட்சி இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் வீட்டுக் கூடத்தில் தரை வழவழப்பு. செல்லோவின் அடியில் உள்ள இரும்பு முள் வழுக்கும். அதற்காக 1933இல் நானே ஒரு தேக்குப் பலகை இழைத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். முள் ஊன்றும் இடத்தில் ஒரு குழி விழுந்தது. பதினோரு வருஷமாக அந்த ஒரே குழி. இன்று மாலை வாசிக்க உட்கார்ந்தேன். என் குழிக்கு அரை அடி முன்னால் இன்னொரு குழி. புதியது. உள்ளே மரம் வெளுத்துத் தெரிகிறது.

அரை அடி முன்னால் என்றால் ஆள் நெட்டை. நீளக் கால்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார்கள். முதலில் எல்லாம் கையில் சேரட்டும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நடந்ததையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் அதையும் மாற்றிச் சொல்வார்கள். எழுதுகிறேன்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் சாமான்களை மவுண்ட் ரோடில் ஏலம் போட்டபோது இந்தச் செல்லோவை எடுத்தேன். முதுகில் விரிசல். ராயப்பேட்டை இனாயத் பாய் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எனக்கு வாத்தியார் யாரும் கிடையாது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பாடப் புத்தகம்தான் வாத்தியார். அதிலும் நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குமேல் கரையான் தின்றிருந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாண வீடுகளில் வாசித்தோம். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் வாசித்தோம். தியாகராய நகரில் ஒரு வக்கீல் வீட்டில் நாங்கள் மெதுவான பாகத்தை வாசிக்கும்போது இலை போட்டுவிட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே ரயிலேறி ஓடியபோது, ஒரு ஓட்டலில் ஏழு பேருக்கு முழுக் கச்சேரி வாசித்தோம். ஏழு பேரில் இரண்டு பேர் பரிமாறுகிறவர்கள். அன்றைக்கு வர மாட்டேன் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

எங்கள் பெரிய உருப்படி ஜி மேஜர் ட்ரையோ. வியன்னாக்காரர் ஒருவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எழுதியது. 1934இல் ஒரு நீதிபதியின் மனைவி மூலப் புத்தகத்தை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தாள். அடுத்த வாரம் கப்பலேறிப் போய்விட்டாள். அந்த ஒரு வாரத்தில் மூன்று பேருக்கும் நான்தான் பார்த்து எழுதினேன். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புத்தகத்தில் ஒரு வரி முடிந்ததும் மூன்றிலும் எழுதி, பிறகுதான் அடுத்த வரி. என் சொந்த முறை. முப்பத்தொரு வருஷம் சர்வே ஆபீஸில் வரைபடம் பிரதி எடுத்தவன் நான். ஒரு ஏரியை விட்டதில்லை, ஒரு வாய்க்காலைக் கோணியதில்லை.

ஆபீஸில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் இரண்டு கையெழுத்து இருக்கும். 'வரைந்தது', 'சரிபார்த்தது'. இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது விதி. இசைத் தாள்களிலும் அப்படியே மூலையில் கட்டம் போட்டேன். இரண்டிலும் கையெழுத்து என்னுடையதுதான். ஹென்றி தான் சரிபார்க்கிறேன் என்று கேட்டான். பென்சிலால் கிறுக்குவான் என்று கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அடையாறு ஆற்றோரத்து பங்களா ஹாலில் ஆஸ்பத்திரி நிதிக்காகக் கச்சேரி. ஜி மேஜர்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் எங்கள் பெயரை அச்சடித்து ஜனங்கள் கையில் கொடுக்கப் போவது இதுதான் முதல் தடவை.

அந்த நாளுக்குத்தான் நெட்டைக்காலன் வந்திருக்கிறான்.

ஒரு விஷயம். அந்த ட்ரையோவில் செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கை வாசிப்பதையே வாசிக்கிறது. தனி இடம் என்று ஒன்றும் இல்லை. நான் இல்லாவிட்டாலும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

எங்கள் பயிற்சி வியாழக்கிழமை. இன்று செவ்வாய். வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டிராமில் லஸ்ஸுக்குப் போனேன். ஃப்ளோரன்ஸ் வீட்டுக்கு எதிர்ச் சாரியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே செல்லோ.

நல்ல நரம்பு போட்ட செல்லோ. யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத நரம்பு. ஜி மேஜர், இரண்டாம் பாகம். ஒரு இடத்துக்கு வந்து நின்றார்கள். மறுபடி வாசித்தார்கள். அதே இடத்தில் நின்றார்கள். நாலு தடவை. பிறகு ஹென்றி சிரித்தான். எதைப் பார்த்துச் சிரித்தான்? யாரை நினைத்துச் சிரித்தான்?

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வெரோனிகா, "எங்க வெத்தல?" என்றாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பயிற்சி. அந்த இடம் வந்தபோது ஃப்ளோரன்ஸ் ஹென்றியைப் பார்த்தாள். ஹென்றி தாளைப் பார்த்தான். நான் இருவரையும் பார்த்தேன். அதனால் எனக்கு இரண்டு சுரம் தப்பியது. அதையும் என் கணக்கில்தான் எழுதுவார்கள்.

"சார் களைப்பா இருக்கீங்களா?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"இல்லை."

"இல்ல, ஒன்பதாம் தேதிக்கு நிறைய நேரம் உக்காரணும், அதான்..."

அதான் என்ன? வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

முறுக்காணி ஒன்று வழுக்கி நரம்பு தளர்கிறது என்று இனாயத் பாய் கடைக்குப் போனேன். பியானோ, ஆர்மோனியம், பிடில் எல்லாம் அவர் கையில்தான் பிழைக்கின்றன.

"வாங்க சார். இன்னா, மொகம் கடுகடுன்னு கீது? வூட்டுல அம்மா சோறு போடலியா?"

ஆணியைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

"இத மாதிரியே ஒரு பெரிய பிடிலு போன வாரம் வந்துச்சு சார். மிலிட்டிரி டாக்டரு, காப்டன் பெல்லாமின்னு பேரு. அம்மாடி, ஆறடிக்கு மேல ஆளு! கடைக்குள்ள நொழையறப்போ தலைய இட்ச்சிக்கினு, வாசக்காலப் பாத்து 'சாரி'ங்கிறாரு. நம்ம வூட்டுக்காரி ஜைதூன் பீ சிரிச்ச சிரிப்புல டீ சிந்திப்போச்சு."

"எங்கே வாசிக்கிறாராம்?"

"லஸ்ஸுல யாரோ ஒரு அம்மா வூட்டுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஆணிக்குத் தேய்க்கும் சுண்ணாம்புக் கட்டியைத் தேட ஆரம்பித்தார். கையிலேயே வைத்திருந்தார். "நான் ஒண்ணும் சொல்லல சார். எனக்கு இன்னா தெரியும்? நான் மரத்தப் பாக்கற ஆளு."

ஆக இனாயத் பாய்க்கும் தெரியும். ராயப்பேட்டை முழுக்கத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஆகஸ்ட் 17, வியாழன்

பயிற்சிக்குச் சற்று முன்னதாகவே போனேன். ஃப்ளோரன்ஸ் காப்பி போட உள்ளே போனதும் புதுக் குழியில் மெழுகை உருக்கி ஊற்றி, நகத்தால் வழித்துச் சமமாக்கினேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடுத்த வியாழன் மெழுகு முழுசாக இருந்தால் நான் தவறாக நினைத்தேன் என்று இந்த நோட்டிலேயே எழுதுவேன். உடைந்திருந்தால்?

வீட்டில் வெரோனிகா: "மாதா சுரூபத்துக்கு முன்னால வச்சிருந்த மெழுகுவத்திய யாரு எடுத்தது? எலியா?"

"எலியாக இருக்கும்" என்றேன்.

"எலி தீப்பெட்டியுமா எடுக்கும்?"

ஆகஸ்ட் 19, சனி

இன்றைக்குக் கிடைத்தது எல்லாவற்றையும்விடப் பெரியது.

கச்சேரி அன்று கொடுக்கும் காகிதம் கச்சேரி ரோடில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சாகிறது. அச்சகக்காரர் தங்கவேல். வழியில் போகிறவன்போல நுழைந்து, பிழை பார்க்கத் தர முடியுமா என்று கேட்டேன். ஈரத்தோடு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

பியானோ, மிஸ் ஃப்ளோரன்ஸ். பிடில், மிஸ்டர் ஹென்றி. செல்லோ என்று போட்டு, பக்கத்தில் வெற்றிடம்.

"இது என்ன?"

"அதுவா சார்? மூணாவது பேரு பின்னால சொல்றேன்னுகினு போனாரு பிடில் வாத்தியாரு. எழுத்துக் கோத்து வைக்காம நான் இன்னா பண்றது? காகிதமே கோட்டாவுல வருது, ரெண்டாந் தபா அடிக்க முடியாது. நீங்களாச்சும் சொல்லுங்க, யாரு சார் அந்த மூணாவது ஆளு?"

நான் அச்சகத்தின் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தங்கவேல் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பூசைக்குப் போனேன். இரண்டு வரிசைக்கு முன்னால் ஹென்றி. முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பிரசங்கம் என்று தெரியாது.

ஆகஸ்ட் 24, வியாழன்

மெழுகு உடைந்திருந்தது.

உட்காரவில்லை. செல்லோவை உறையிலிருந்து எடுக்கவில்லை. "மெழுகை உடைத்தது யார்?" என்று கேட்டேன்.

"எந்த மெழுகு அத்தான்?" என்றான் ஹென்றி. உண்மையாகவே விழித்தான்.

"காப்டன் பெல்லாமியின் முள் உடைத்த மெழுகு."

ஃப்ளோரன்ஸ் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு அச்சுப் புத்தகம் கொண்டுவந்தாள். ஜி மேஜர் ட்ரையோ, மூலம். காப்டனுடையதாம். எட்டாம் பக்கத்தை விரித்து, கடைசி வரியில், குறுக்குக் கோடு போட்டுப் பிரித்த நாலு பாரின்மேல் விரல் வைத்தாள்.

"சார், இந்த ஒரு வரி, நாலு பார், நம்ம தாள்ல இல்ல. மூணு தாள்லயும் இல்ல. ஜூலையில அவர் ஒரு நாள் ஆசைப்பட்டு வந்து எங்களோட வாசிச்சார். இந்த இடத்துல அவர் ஒரு பக்கம் போறார், நாங்க ஒரு பக்கம் போறோம். மோதிக்கிட்டோம். அப்பதான் தெரிஞ்சது."

"அப்படியானால் இந்தப் புத்தகத்தில் அதிகமாக அச்சடித்திருக்கிறான்" என்றேன்.

"அத்தான்..." என்றான் ஹென்றி. "அச்சுல எப்படி அதிகமா வரும்? பத்து வருஷமா நாம நாலு பார் கம்மியா வாசிச்சிருக்கோம். மூணு பேருக்கும் சேந்தாப்புல விட்டுப்போனதால ஒட்டிக்கிச்சு. முன்னயும் பின்னயும் ஒரே சுரம். யாருக்கும் தெரியல. நமக்கே தெரியலயே!" இதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். செவ்வாய்க்கிழமை கேட்ட அதே சிரிப்பு.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க இதத்தானே சொல்வீங்க? அச்சுல தப்புன்னு."

"காகிதத்தில் என் பெயர் ஏன் இல்லை?"

ஹென்றி ஃப்ளோரன்ஸைப் பார்த்தான். ஃப்ளோரன்ஸ் சொன்னாள். அவள் கண்ணை இறக்கவில்லை. அதை எழுதியாக வேண்டும். "நான்தான் வெறுமையா விடச் சொன்னேன். உங்க தாள்ல தப்புன்னு சொன்னா அன்னையிலிருந்து நீங்க வர மாட்டீங்க. வராம போயிட்டா ஒன்பதாம் தேதி நாங்க என்ன பண்றது? சார் வரலன்னா நீங்க வாசிப்பீங்களான்னு அவரக் கேட்டேன். சரின்னார். கேட்டது நான். ஹென்றி சார் இல்ல."

ஆகவே நாற்காலியைப் பேரம் பேசியது உண்மை. நான் கற்பனை செய்யவில்லை.

ரிக்‌ஷாவில் செல்லோவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பலகையை எடுத்து வர மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

யாரும் வரவில்லை. வந்தாலும் கதவைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் வரவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

வெரோனிகா தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். திரும்பி வந்து கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த அச்சுப் புத்தகத்தை வைத்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"பத்து நாளா தெரியும்."

"சொந்தப் புருஷனிடம்..."

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க மெழுகுவத்தி திருடிக்கினு இருந்தீங்க. போய்த் தொலையட்டும்னு வுட்டுட்டேன்." கஞ்சியை என் பக்கம் தள்ளினாள். "பொஸ்தகத்தப் பாருங்க. பாத்துட்டு யார வேணாலும் திட்டுங்க. பாக்காம திட்டாதீங்க."

பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பார்க்கவில்லை. பூசைக்கு வேறு கோயிலுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையில் புத்தகத்தைத் திறந்தேன். முதலில் பாட்டைப் பார்க்கவில்லை, அச்சைப் பார்த்தேன். தையல் பிரித்துத் தாள் சேர்த்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை. அச்சிட்ட வருஷம் 1911. எனக்கு எதிராகச் சதி செய்ய 1911இல் யாருக்கும் காரணம் இருந்திருக்காது. அப்போது நான் சித்தூர் ஜில்லாப் படம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெட்டியைத் திறந்து 1934 காகிதக் கட்டை எடுத்தேன். நான் எதைப் பிரதி எடுத்தாலும் ஒரு கணக்குத் தாள் வைப்பேன். ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை வரி என்று முதலில் எண்ணி எழுதிவிட்டு, எழுதி முடித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு புள்ளி. ஆபீஸ் பழக்கம்.

பக்கம் 7, வரி 5, புள்ளி 5.
பக்கம் 8, வரி 5, புள்ளி 4.
பக்கம் 9, வரி 5, புள்ளி 5.

கீழே 'சரி' என்று எழுதி, என் கையெழுத்து. என் மசி. என் கை.

கணக்குத் தாளை ஒரு தடவை பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவனுக்குத் தெரிந்திருக்கும். ஹென்றிக்குத் தெரிந்திருக்கும். அவன் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

மாலை

காலையில் எழுதாமல் விட்டது ஒன்று. விட்டுப்போன அந்த நாலு பாரில் பியானோவுக்கு ஓய்வு. பிடிலுக்கு ஓய்வு. செல்லோ மட்டும் தனியாக வாசிக்கிறது.

ஜி மேஜர் முழுவதிலும் அந்த ஒரே இடத்தில்தான்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

டிராம். லஸ். இந்தத் தடவை மரத்தடியில் நிற்கவில்லை. செல்லோ இல்லாமல், கையில் குடையோடு உள்ளே போனேன்.

காப்டன் பெல்லாமி என் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார்; அவ்வளவு உயரம். நாற்காலியைக் கையால் காட்டினார். நான் உட்காரவில்லை. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். யாரிடம் படித்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். அவர் உட்கார்ந்து வில்லை எடுத்தார். பாராட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அந்த நாலு பாரும் வந்தது. சுரம் மேலே, மேலே போகிறது. கரையான் தின்ற பக்கங்களின் ஊர். கை எங்கே போகிறது என்று பார்த்தேன். கட்டைவிரல்! செல்லோவின் கழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய கட்டைவிரலை முன்னால் கொண்டுவந்து நரம்பின்மேலேயே படுக்க வைக்கிறார். அதை மேடாக வைத்து மற்ற விரல்கள் நடக்கின்றன.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அதையே இன்னும் இரண்டு தடவை மெதுவாக வாசித்தார். எனக்காகவா? நான் ஒன்றும் தெரியாதவன் என்றா? அல்லது சும்மாவா? டிராமில் வரும் வழி முழுக்க இதையே யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

வெரோனிகாவிடம் சொன்னேன். "மெதுவா வாசிச்சா அதுவும் ஒரு குத்தமா?" என்றாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

பயிற்சிக்குப் போனேன். போகாமல் இருப்பேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்; அந்தத் திருப்தியைக் கொடுக்க வேண்டாம் என்று போனேன். என் குழியில் முள்ளை ஊன்றினேன். "எட்டாம் பக்கம் புதிதாக எழுதியிருக்கிறேன்" என்று மூன்று சீட்டுகளையும் கொடுத்தேன். சீட்டின் மூலையில் கட்டம் போட்டிருக்கிறேன். 'எழுதியது' கட்டத்தில் என் கையெழுத்து. இன்னொன்றை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நாலு பாரை வாசித்தேன். நன்றாக இல்லை. இதைவிட மோசமாக ஒருவரும் வாசித்திருக்க முடியாது.

செப்டம்பர் 2, சனி

கட்டைவிரல் தோலுரிந்துவிட்டது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். சுரம் எங்கே என்று காது தேடிக்கொண்டிருப்பதற்குப் பதில் நரம்பை ஸ்கேல் வைத்து அளந்தேன். சரிபாதியில் ஒரு சுரம். மூன்றில் இரண்டு பங்கில் இன்னொன்று. இது நில அளவைதான்! பென்சிலால் மரத்தில் மெல்லிய கோடு போட்டேன். அளவைச் சங்கிலி பிடிக்கத் தெரிந்தவனுக்கு வழி தெரியாமல் போகாது.

செப்டம்பர் 4, திங்கள்

இருபது தடவையில் பதினொன்று சரி.

செப்டம்பர் 6, புதன்

தங்கவேல் ஆள் விட்டுக் காகிதத்தை அனுப்பினார். செல்லோ, மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ். மற்ற இரண்டு பெயரைவிட என் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவுதான்.

செப்டம்பர் 7, வியாழன்

கடைசிப் பயிற்சி. ஐந்து தடவை வாசித்தோம். இரண்டு தடவை மேல் சுரம் விழுந்துவிட்டது.

ஃப்ளோரன்ஸ், "சார், வேணும்னா அந்த நாலு பாரையும் நான் இடது கையில வாசிச்சுடறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஆனால் பதினோரு வருஷமாக நான் பயந்த வாக்கியம் அதுதான்.

ஹென்றி, "இல்ல அத்தான், பேசாம பழையபடி வாசிச்சுடலாம். நாலு பாரையும் வுட்டுட்டு. பத்து வருஷம் கேக்காத ஜனம் இன்னிக்கா கேக்கப்போவுது?" என்றான்.

"தாளில் எழுதியாகிவிட்டது. வாசிக்கத்தான் வேண்டும்" என்றேன்.

கிளம்பும்போது ஹென்றி என் செல்லோவைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷா வரை வந்தான். "அக்கா சொல்லிச்சு. கணக்குத் தாள் பாத்தீங்களாமே." வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்காரனிடம், "பள்ளம் பாத்துப் போப்பா, உள்ள பெரியவரு இருக்காரு" என்றான். செல்லோவைச் சொன்னானா என்னைச் சொன்னானா தெரியவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

மாதா பிறந்த திருநாள். சொந்தக் கோயிலுக்கே போனேன். இருபதில் பதினைந்து.

செப்டம்பர் 10, ஞாயிறு

நேற்று அடையாற்றில் கச்சேரி நடந்தது. இருநூறு பேர் இருக்கும். ஆற்றுப் பக்கத்துக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். காற்றில் தாள் பறக்காமல் இருக்க வெரோனிகாவின் கொண்டை ஊசிகளைக் குத்தியிருந்தேன்.

இரண்டாம் பாகம். பியானோ நின்றது. பிடில் நின்றது. ஹென்றி வில்லை முழங்காலில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷக் கச்சேரிகளில் நான் வாசிப்பதை அவன் சும்மா இருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. மூன்று பார் சரியாக வந்தது. நான்காவதில் மேல் சுரம் கொஞ்சம் கீழே விழுந்தது. இழுத்து மேலே கொண்டுபோனேன். முன் வரிசையில் ஒரு சீமாட்டி கைக்குட்டையை எடுத்தாள். உருக்கம் என்று நினைத்துக்கொண்டாள். அது உருக்கம் இல்லை, பிழை. இங்கே உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

காப்டன் மூன்றாம் வரிசையில் இருந்தார். அந்த நாலு பாரிலும் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று தோன்றியது.

முடிந்ததும் வந்து கை கொடுத்தார். இருபதாம் தேதி அவரை அஸ்ஸாம் பக்கம் மாற்றுகிறார்களாம். பர்மா எல்லை. ஜி மேஜர் புத்தகம் எங்களிடமே இருக்கட்டும், திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். எதற்காக? திரும்பி வந்து நாற்காலியையும் கேட்கவா? வந்தால் கேட்கட்டும். வர வேண்டும்.

ஃப்ளோரன்ஸ் நாற்காலிக்கு வேறு ஆள் கேட்டதை நான் மறக்கவில்லை. அவளிடமும் அப்படியே சொன்னேன். "மறக்க வேணாம் சார். வியாழக்கிழமை வந்துடுங்க" என்றாள்.

செய்ய வேண்டியவை:

ஃப்ளோரன்ஸ்: காப்டனிடம் வேறு எந்த உருப்படிகளின் மூலப் புத்தகம் இருக்கிறது என்று கேட்டு, இருபதாம் தேதிக்குள் இரவல் வாங்குவது. வாங்கியதற்கு அவர் பெயரில் சீட்டு எழுதிக் கொடுப்பது. பலகையை அடையாற்றிலிருந்து திரும்பக் கொண்டுவருவது.

இனாயத் பாய்: முறுக்காணியை மறுபடி பார்ப்பது. கச்சேரியில் பலகையைப் பார்த்துவிட்டுப் புதுக் குழியை அடைத்துத் தரட்டுமா என்று கேட்டார். அடைக்க வேண்டாம்.

தங்கவேல்: மிச்சமுள்ள காகிதங்களில் ஆறு எனக்கு எடுத்து வைப்பது. வெற்றிடம் விட்ட அந்த முதல் தாளையும் கொடுப்பது. அதுவும் கட்டில் இருக்கட்டும்.

வெரோனிகா: ஜெபமாலையில் காப்டன் பெயரைச் சேர்ப்பது. (ஏற்கெனவே சேர்த்துவிட்டாளாம்.)

ஹென்றி: 1934 முதல் நான் பார்த்து எழுதிய பதினாலு உருப்படிகளையும் கணக்குத் தாள்களோடு வாங்கிக்கொண்டுபோய், மூலம் கிடைக்கக் கிடைக்க வரி வரியாக ஒப்பிட்டு, ஒவ்வொரு தாளிலும் 'சரிபார்த்தது' கட்டத்தில் கையெழுத்துப் போடுவது. முதலில் எட்டாம் பக்கத்துச் சீட்டு. பென்சில் வைத்துக்கொள்ளலாம்.

நான்: மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி வைப்பது. மேல் சுரம், தினமும் இருபது தடவை. புதிதாக வரும் புத்தகங்களைப் பார்த்து எழுதுவது. எழுதுவது மட்டும்.